அறுபது என்று எழுதிய கழுத்து

ஒரே கழுத்தை ஒரே நாளில் மூன்று பேர் அளந்தால் மூன்று அளவு வரும். ஒரே ஆள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அளந்தாலும் இரண்டு அளவு வரும். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவள் சொல்கிறேன், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் என் வீட்டில், என் கையால், என் வீட்டுக்காரர் கழுத்துக்குப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஒரே அளவு வந்தது. வலப்பக்கம் திரும்புவது அறுபது டிகிரி. பதினோரு வாரமும் அறுபது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பெருமைதான் வந்தது.

நான் அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அவர் தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கடை, அதே இரண்டாவது மாடி. மேல் தட்டைப் பார்க்க அண்ணாந்து, உட்கார்ந்திருக்கிற கஸ்டமருக்குப் பிரித்துக் காட்டக் குனிந்து, பக்கத்துக் கவுண்டருக்குக் குரல் கொடுக்கத் திரும்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கழுத்து ஆடியிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். இரண்டு விரலால் பிடித்து ஒரு உதறு உதறினால் முந்தானை விரிந்து கஸ்டமர் மடியில் போய் விழும். அவர் கவுண்டரில் உட்கார்ந்தவள் வெறுங்கையோடு எழுந்து போனதே கிடையாதாம். அவர் சொன்னதுதான், ஆனால் நான் நம்புகிறேன்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கழுத்துவலி என்று உட்கார்ந்தார். ஸ்கேன் எடுத்தோம். தேனாம்பேட்டையில் ஒரு முதுகெலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுத்து எலும்புக்குள்ள தண்டுவடம் போற வழி குறுகிப் போயிருக்கு. நரம்பு இப்போதைக்குத் தாக்குப்பிடிக்குது. ஆபரேஷன் பண்ணலாம். கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம். பண்ணினா எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைச்சிடுவோம். அப்புறம் கழுத்து பழையபடி குனியாது, நிமிராது, திரும்புறதும் பாதிதான்."

அவர் முகம் செத்துப்போனது. குனியாத கழுத்தை வைத்துக்கொண்டு புடவை காட்ட முடியுமா? அவசரமாக, "பொறுத்தே பார்க்கலாம் டாக்டர்" என்றார்.

"சரி, மூணு மாசம். ஆனா வாராவாரம் கவனிக்கணும். கழுத்து திரும்புறது குறையுதா, விரல் வேலை தடுமாறுதா, நடை மாறுதா. எது மாறினாலும் அன்னிக்கே வரணும். லேட்டானா போனது திரும்பி வராது." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்லயே பிசியோ இருக்காங்க. உங்களுக்கென்ன சார் கவலை?"

அந்த வார்த்தையில் நான் குளிர்ந்து போனேன். எத்தனையோ பேர் கழுத்தை அளந்திருக்கிறேன், என் ஆளை அளக்க மாட்டேனா? அன்றைக்கே ஒரு புது நோட்டு வாங்கினேன்.

ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் அளப்போம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹால் ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியை எப்போதும் ஒரே தரைக்கல்லில் போடுவேன். எல்லாம் முறைப்படி என்று காட்டத்தான். அவர் நேராக உட்காருவார். நான் பின்னால் நின்று கோனியோமீட்டரை உச்சந்தலையில் வைப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோணமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான், அவ்வளவுதான். ஒரு கை தோளைப் பார்த்து நிற்கும், இன்னொரு கை மூக்கோடு போகும். "திரும்புங்க" என்பேன். திரும்புவார். முதல் ஞாயிறு அறுபது வந்தது. அப்போது அவர் மூக்குக்கு நேரே சுவரில் தினசரி காலண்டர் இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்திருக்கிறார்.

அதே சமயத்தில் கிளினிக்கில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கிளினிக்கை நடத்துகிற மேடம் ஒரு நாள், "நாம எடுக்கிற அளவை எவ்வளவு நம்பலாம்னு நாமே சோதிச்சுப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தார். கண்ணாடி ஃப்ரேம் மாதிரி தலையில் மாட்டுகிற கருவி ஒன்று, அதில் முள் ஆடுகிற டயல்கள். நானும் ஒரு ஜூனியர் பெண்ணும் ஒரே ஆட்களின் கழுத்தைத் தனித்தனியாக அளக்க வேண்டும். டயலை ஓர் அட்டை மறைத்திருக்கும். நான் தலையைத் திருப்பவைத்துச் சரி என்றதும் மேடம் அட்டையை விலக்கி எண்ணை எழுதிக்கொள்வார், என்னிடம் சொல்ல மாட்டார். ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள், அதே அறை, மறுபடியும் முதலிலிருந்து.

முடிவைக் காட்டியபோது எனக்கு மானம் போனது. ஒரே மனுஷனுக்கு முதல் வாரம் நான் எடுத்ததற்கும் அடுத்த வாரம் எடுத்ததற்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம். ஜூனியர் பெண்ணுக்கும் எனக்கும் இன்னொருத்தர் கழுத்தில் பன்னிரண்டு. ஒரு நாள் எல்லா எண்ணும் கன்னாபின்னா என்று வந்தது. ஏன் என்று பார்த்தால், யாரோ நாற்காலியை இரும்பு பீரோ பக்கத்தில் நகர்த்தியிருக்கிறார்கள். டயலில் இருப்பது காந்த முள். அது கழுத்தை விட்டுவிட்டு பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேடம் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "அஞ்சாறு டிகிரி உங்க கை பண்ற வேலை. அதைப் பேஷண்ட்டோட முன்னேற்றம்னு சொல்லாதீங்க. தோளைப் பிடிக்காம கழுத்தை அளக்காதீங்க. போன தடவை என்ன வந்ததுன்னு பார்த்துட்டு அளக்கவே அளக்காதீங்க. பார்த்தா கை அங்கதான் போய் நிக்கும்."

இதை அப்படியே மனப்பாடம் பண்ணி ஜூனியர் பெண்ணிடம் பத்து தடவை ஓதியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் நான் என்ன பண்ணினேன்? நோட்டைத் திறந்து போன வாரப் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன். ஐம்பத்து நாலு வந்தால், "சரியா திரும்பலை, இன்னொரு தடவை" என்றேன். ஐம்பத்தேழு வந்தால், "முதுகைச் சாய்க்காதீங்க, இன்னொரு தடவை." அறுபது வந்ததும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அறுபது வந்த பிறகு ஒரு நாளாவது இன்னொரு தடவை என்று சொன்னேனா? இல்லை. தோளைப் பிடிப்பது முதல் வருஷப் பாடம். ஒரு கையில் கருவி, ஒரு கையில் பென்சில், அதனால் தோளை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், பிடிக்கத் தோன்றவில்லை. அவர் என்ன என்னை ஏமாற்றவா போகிறார்?

டாக்டர் மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொன்னார். நான் ஒன்றைத்தான் பார்த்தேன். விரலுக்கும் சோதனை உண்டு, எனக்குத் தெரியாததா? பத்து விநாடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ண வேண்டும். ஒரு நிமிஷ வேலை. பதினோரு வாரத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பயம். அறுபதுதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு நோண்டவேண்டும் என்ற பயம்.

கண்ணெதிரே எல்லாம் நடந்தது. மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு சந்து வழியாக எல்லா வண்டியும் மோதிக்கொண்டு வரும். ரோடு கடக்கும்போது அவர் தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பினார். "என்னங்க, மிலிட்டரி மாதிரி திரும்புறீங்க" என்று கிண்டல் பண்ணினேன். காபி டம்ளர் இரண்டு தடவை கை நழுவியது. "கையில எண்ணெய்மா" என்றார். தீபாவளி சீசனில் கடையிலிருந்து வந்து, "இன்னிக்கு ஒரு சீலை மடிப்புக்கு வரவே மாட்டேன்னுச்சு, ஏசி குளிருல விரல் மரத்துப் பூச்சு" என்றார். ஏசியைத் திட்டினேன். கண் இருந்தும் குருடியாக இருப்பது எவ்வளவு சுலபம்!

பன்னிரண்டாவது வாரம் நல்ல மழை. ஹால் சுவரில் தண்ணீர் ஊறி, பூச்சு பொத்துக்கொண்டு விழுந்தது. வீட்டு ஓனர் ஆளை அனுப்பிச் சுரண்டச் சொல்லிவிட்டார். காலண்டரையும் ஆணியையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்க ஈரச் சுண்ணாம்பு என்பதால் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை வேறு பக்கம் பார்த்துப் போட்டேன்.

"திரும்புங்க."

திரும்பினார். நின்றுவிட்டார். முப்பத்தெட்டு.

"இன்னும் திரும்புங்க."

"எது வரைக்கும்?"

"எது வரைக்கும்னா என்ன கேள்வி? முடிஞ்ச வரைக்கும்."

"இல்லமா, இந்தப் பக்கம் எது வரைக்கும் போவணும்னு தெரியலையே."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் அவர் கண் வெறும் சுவரில் எதையோ தேடுவதைப் பார்த்தேன். கோனியோமீட்டரைக் கீழே வைத்துவிட்டுப் போனில் இருக்கிற, கோணம் அளக்கிற ஆப்பை எடுத்தேன். அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு கையால் தோளை அழுத்திப் பிடித்தேன். முப்பத்தாறு. இன்னொரு தடவை. முப்பத்தைந்து. இன்னொரு தடவை. முப்பத்தாறு. வாழ்நாளில் நான் இவ்வளவு சுத்தமாக அளந்ததே இல்லை.

"கையை வேகமா மூடித் திறங்க" என்றேன். இருபது தடவை போக வேண்டிய கை ஒன்பதில் தடுமாறியது. சுண்டுவிரல் மடங்கினது மடங்கினபடியே நின்றது. அவர் அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மேடமும் ஜூனியர் பெண்ணும் தனித்தனியாக, அட்டை மறைத்து அளந்தார்கள். முப்பத்து நாலு, முப்பத்தேழு. மேடம் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். பதினோரு அறுபதையும் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "இன்னிக்கே டாக்டரைப் பாருங்க" என்றார்.

தேனாம்பேட்டை டாக்டர் அவரை நடக்கவைத்தார், முட்டியில் தட்டினார், விரலைப் பார்த்தார். மறுபடி ஸ்கேன். தண்டுவடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. "இது போன தடவை இல்லையே" என்றார். "வாராவாரம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர்."

"எவ்வளவு வந்தது?"

நான் கைப்பையில் இருந்த நோட்டை இன்னும் உள்ளே தள்ளினேன். என் வீட்டுக்காரர்தான், "கரெக்டா அறுவது வந்துச்சு சார், வீட்ல ரொம்ப ஜாக்கிரதையாப் பார்த்தாங்க" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

முன்னாலேயே வந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "இப்போ ஆபரேஷன் பண்றது மேல மோசமாகாம இருக்கத்தான். கை திரும்பி வந்தா நம்ம அதிர்ஷ்டம்." தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஆனால் எனக்கு இன்றுவரை அந்தச் சாணும் முழமும்தான் மண்டையில் ஓடுகிறது. ஏழாவது வாரமா, எட்டாவது வாரமா, எந்த ஞாயிறு நான் ஐம்பத்து நாலை ஒத்துக்கொண்டு எழுதியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்?

ஆபரேஷன் ஆனது. ஐந்தாம் நாள் பகலில், கழுத்தில் காலரோடு கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன வாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் அளந்தேன், அறுபது வருகிற வரைக்கும் விட மாட்டேன், வந்ததும் எழுதிவிடுவேன். சொல்லிவிட்டு அவர் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறாவது வாரமே மூக்கு காலண்டர் கிட்ட வரல. கொஞ்சம் தோளைச் சேர்த்துத் திருப்பினேன், வந்துச்சு. மீட்டர் கட்டையில துணி அளக்கும்போது இழுத்துப் பிடிச்சா அரை விரக்கடை கூடக் காட்டும். துணி இன்னா, வளர்ந்தா பூடும்? எனக்குத் தெரியாதா அது?"

"பாவி மனுஷா, தெரிஞ்சும் ஏன்யா பண்ணினீங்க?"

"நீ அறுவதுன்னு சொல்லும்போது உன் மூஞ்சியில ஒரு நிம்மதி வரும். வாரம் முழுக்க வீடு சிரிச்சுக்கினு இருக்கும். அதான், அது கெட வேணாம்னு. எனக்கும் கடையை வுட மனசில்ல. நீ அளந்து சொல்றியே, நாமதான் வீணா பயப்படுறோம்னு நெனைச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலேயே படுத்திருந்த அவரால்தான் திரும்ப முடியவில்லை. கையை மட்டும் நீட்டி என் முழங்கையைத் தேடினார். அந்த விரல்கள் என்னைப் பிடிக்கவில்லை, சும்மா வந்து பட்டன.

அவர் என்னைச் சந்தோஷப்படுத்தத் திரும்பினார், நான் அவரைச் சந்தோஷப்படுத்த எழுதினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கையைத் தொலைத்துவிட்டோம். இதை யாரிடம் போய்ச் சொல்லி ஆறுவது?

ஆறு மாசம் கழித்து மேடம் மறுபடி அளந்தார். ஜூனியர் பெண் அளந்தாள். வற்புறுத்தி என்னையும் அளக்கவைத்தார்கள். மூன்று பேருக்கும் முப்பது. குனிவதற்கு மூன்று பேருக்கும் எட்டு. "இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லைக்கா!" என்று அந்தப் பெண் துள்ளினாள். அவள்மேல் தப்பில்லை, சின்னப் பெண். ஸ்க்ரூ போட்டு நிறுத்திய கழுத்தை அளக்க என்ன திறமை வேண்டும்? நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

கடையில் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அது ஒரு புண்ணியம். கீழே வாசலில் நிற்கவைத்திருக்கிறார்கள். "வாங்கம்மா, பட்டு ரெண்டாவது மாடி" என்று சொல்ல வேண்டும். கை பழையபடி திரும்பி வரவில்லை. இடது கை ஓரளவுக்குப் பரவாயில்லை, வலது கை சாதத்தைப் பிசையும், அதற்கு மேல் ஒன்றும் கேட்காது. சட்டைப் பட்டன் அவரால் போட முடியாது. நான்தான் போட்டுவிடுகிறேன். குனிந்து பார்க்க முடியாததால் தினமும், "சரியா கீதுல்ல?" என்று கேட்பார். "சரியா இருக்கு" என்பேன். உடனே கிளம்பிவிடுவார். வீட்டில் கண்ணாடி இருக்கிறது, அதன் பக்கம்கூடப் போக மாட்டார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றார். பார்த்தால் சட்டையில் ஒரு பட்டன் மாறி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, காலர் கோணலாக நிற்கிறது. காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் அவசரத்தில் போட்டது. கேட்டார்தான். சரியா இருக்கு என்றுதான் சொன்னேன். அதே கோலத்தில் நாள் பூரா தி.நகர் வாசலில் நின்று, வந்த அத்தனை பேரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். ஒருத்தரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இன்னிக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கினே போனாங்கமா, நல்ல கூட்டம்" என்றார்.

ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பார், நான் சரியா இருக்கு என்பேன், அவர் நம்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்.